பெயரைச் சொல்லாமல் பழத்தைக் கொடுங்கள்

நண்பர்களை வீட்டுக்கு அழைத்துப் பல வகைப் பழங்களைச் சுவைத்துப் பார்க்கும் ஒரு மாலை விருந்து நடத்த நினைப்பதாகவும், அதற்கு என்னென்ன ஏற்பாடு வேண்டும், பழம் மட்டும் கொடுத்தால் வந்தவர்கள் குறை சொல்வார்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள். குறை சொல்வார்கள். அதை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை அவ்வளவு கடினமில்லை. நான் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளும் மாம்பழத்தை மட்டும் வைத்து இப்படி ஒரு விருந்து நடத்தினேன். முதலாவது சொதப்பிவிட்டது. இரண்டாவது நன்றாக நடந்தது, எனக்கு ஏற்பட்ட ஒரு தலைகுனிவைத் தவிர.

எங்கள் கூட்டம் வேலூர்க் கோட்டை அகழியை ஒட்டிக் காலையில் நடக்கிற கூட்டம். குடும்பத்தாரையும் சேர்த்தால் பத்துப் பதினோரு பேர் ஆவோம். சித்திரை பிறந்துவிட்டால் நடையை விட வாய்தான் அதிகம் வேலை செய்யும். மல்கோவாவுக்கு மேல் ஒரு பழம் கிடையாது என்பார் ஒருவர். இமாம் பசந்தைத் தவிர மற்றவற்றைக் கையால் தொடமாட்டேன் என்பார் இன்னொருவர். எனக்கோ பரதராமிப் பக்கத்தில் நைனா, அதாவது என் அப்பா, வைத்திருந்த தோப்பு நீலம்தான் உலகத்திலேயே சிறந்தது. இந்த வழக்கைத் தீர்த்துக்கொள்ளத்தான் முதல் விருந்துக்கு அழைத்தேன்.

அந்த முதல் ஆண்டில் நான் செய்த தவறுகளைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படும். வெயிலுக்கு அஞ்சி எல்லாப் பழங்களையும் காலையிலிருந்தே ஃபிரிட்ஜில் வைத்தேன். குளிர்ந்த மாம்பழத்தில் இனிப்பு மட்டும் மிஞ்சுகிறது, மணம் அடங்கிவிடுகிறது. மணம் போன பிறகு ஒரு வகைக்கும் மற்றொரு வகைக்கும் என்ன வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது? அடுத்து, விலை உயர்ந்தது என்பதால் இமாம் பசந்தை முதலில் பரிமாறினேன். அதன் தித்திப்பு நாக்கில் இருக்கும்போதே வந்த பெங்களூரா, பாவம், மாங்காயைப் போலப் புளித்தது. கிளிமூக்கு என்று சொல்லப்படும் அந்தப் பழத்துக்கென்று ஒரு மெல்லிய புளிப்பும் கடித்துத் தின்னத் தக்க கெட்டியும் உண்டு. அதை முதலில் கொடுத்திருந்தால் மதித்திருப்பார்கள்.

மூன்றாவது தவறு முழுக்க என்னுடையதன்று. நகரத்தில் ஒரு கடையில் வாங்கிய பங்கனப்பள்ளி, மஞ்சள் பூசியதைப் போல ஒரே சீராக இருந்தது. காம்புப் பக்கம் முகர்ந்து பார்த்தபோது மணமே இல்லை; அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நறுக்கினால் கொட்டையை ஒட்டி வெள்ளையாகவும் புளிப்பாகவும் இருந்தது. கல் வைத்துப் பழுக்க வைத்த பழம். கார்பைடு கல்லில் ஈரம் பட்டால் வெளிவரும் அசிட்டிலின் வாயு தோலை மஞ்சளாக்குகிறது, ஆனால் உள்ளே காயை முற்றவைக்க அதனால் முடியாது. அந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருப்பதால் உடம்புக்கும் கேடு. 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் அதைத் தடை செய்திருக்கின்றன. எத்திலீன் வாயுவை மட்டும் அளவோடு பயன்படுத்தலாம். கடைக்காரரிடம் திரும்பக் கொண்டுபோய்க் கேட்டதற்கு, 'சார், நீங்க நாளைக்குச் சாப்பிட்டிருக்கணும்' என்றார். விருந்தாளிகளை நாளைக்கு வரச் சொல்லியிருக்க வேண்டும் போலும்.

அன்று ஒரு நண்பர் தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னாபா, பழம் மட்டும்தானா? ஆம்பூர் பக்கத்துல இருக்குது, ஒரு பிரியாணி சொல்லியிருக்கக் கூடாதா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். அவர் விளையாட்டாகச் சொன்னதை என் மனைவி இன்னும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் பக்கத்தில் ஒருவரை வீட்டுக்கு அழைப்பதென்றால் இலை போடுவது என்றுதான் பொருள். ஆகவே அழைக்கும்போதே, 'ஆறு மணிக்குப் பழம், எட்டு மணிக்குத் தயிர் சாதமும் மாவடுவும்' என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பழத்தை வைக்காதீர்கள். நிறைந்த வயிற்றுக்கு எல்லாம் ஒரே சுவைதான்.

இரண்டாவது ஆண்டு ஆனி பிறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். அந்த வாரத்தில் பங்கனப்பள்ளி முடியும் தறுவாயிலும், நீலம் தொடங்கும் தறுவாயிலும் இருப்பதால் ஆறு வகைகளை ஒரே நாளில் சேர்க்க முடிந்தது: ருமானி, பெங்களூரா, பங்கனப்பள்ளி, நீலம், மல்கோவா, இமாம் பசந்து. ஆறுக்கு மேல் போகாதீர்கள். ஏழாவது வகைக்கு நாக்கு ஒத்துழைக்காது. நான்கு வகைகளை மாங்காய் மண்டியில் வகைக்கு இரண்டு கிலோ வீதம், பழமாக அல்லாமல் முற்றிய காயாக ஒரு வாரத்துக்கு முன்பே வாங்கி வைக்கோலில் பரப்பி வைத்தேன். எல்லா வகையும் ஒரே நாளில் பழுக்காது என்பதால் தினமும் காலையில் காம்போரத்தை முகர்ந்து, முந்திக்கொண்டவற்றை வெளியே எடுத்துத் தனியே வைக்க வேண்டும். ஆளுக்கு ஒவ்வொரு வகையிலும் இரண்டு துண்டு என்றால் பதினோரு பேருக்கு வகைக்கு ஒரு கிலோவே போதும். மற்றொரு கிலோ, அழுகலுக்கும் வெம்பலுக்கும் பிள்ளைகளுக்கும். செலவு 1,200 ரூபாய்க்குள் அடங்கிற்று. பணம் படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று இதன் கீழே யாராவது எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அதே பதினோரு பேருக்கு அந்தப் பிரியாணியை வாங்கியிருந்தால் அதைவிட அதிகம் ஆகியிருக்கும்.

மிச்சம் இரண்டு வகைகளான நீலமும் பெங்களூராவும் பரதராமியிலிருந்து ஒரு கூடையில் வந்தவை. நைனாவின் தோப்பு இப்போது எங்களுடையதன்று. சித்தூர்ப் பக்கத்து மாம்பழக் கூழ் ஆலைகளை நம்பிப் பெங்களூரா வைத்தவர்களில் அவரும் ஒருவர். விளைச்சல் குறைந்த ஆண்டில் விற்கப் பழமில்லை, மிகுந்த ஆண்டில் கிடைத்த விலை பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் காணவில்லை. இப்படியே சில ஆண்டுகள் போன பிறகு விற்றுவிட்டார். தோப்பு இருந்தபோது ஆண்டுதோறும் சாக்கோடு வந்து நின்ற உறவினர்கள், விற்ற ஆண்டில் ஒரு தொலைபேசி அழைப்புகூடச் செய்யவில்லை. வாங்கியவர்தான், உறவும் இல்லை ஒன்றும் இல்லை, இன்றுவரை ஒரு கூடை அனுப்புகிறார்.

விருந்தன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், பழங்களை முழுதாகக் காட்டாமல் இருந்தது. காம்புப் பால் உதட்டில் பட்டால் புண்ணாகும் என்பதால் எல்லாவற்றையும் முன்கூட்டியே தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, சமையலறையிலேயே தோல் சீவி, ஒரே அளவுத் துண்டுகளாக்கி, கிண்ணங்களுக்கு ஒன்று முதல் ஆறு வரை எண் மட்டும் ஒட்டினோம். வெளிர்ச்சுவை முதலில், அடர்சுவை கடைசியில்: ருமானியில் தொடங்கி இமாம் பசந்தில் முடித்தோம். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு பிடி பொரியும் ஒரு வாய் வெந்நீரும். ஆளுக்கு ஒரு தாளைக் கொடுத்து, பிடித்த வரிசையையும், இது இன்ன பழம் என்ற ஊகத்தையும் எழுதச் சொன்னோம். பேசக் கூடாது என்றும் சொன்னோம். அதை யாரும் கேட்கவில்லை.

நீலத்தை நறுக்கும்போது ஒரு கொட்டையிலிருந்து வண்டு வெளிவந்து பலகையில் ஊர்ந்தது. என் மனைவி கத்தியைப் போட்டுவிட்டார், பிள்ளைகள் அதைத் தீப்பெட்டியில் பிடித்துக்கொண்டார்கள். ஓட்டையே இல்லாத பழத்துக்குள் எப்படிப் போனது என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்பார்கள். பிஞ்சாக இருக்கும்போதே தாய் வண்டு தோலில் முட்டையிடுகிறது, புழு துளைத்துக்கொண்டு கொட்டைக்குள் போய்விடுகிறது, பழம் வளர வளரத் துளை மூடிக்கொள்கிறது. சதைக்குப் பெரும்பாலும் கெடுதல் இல்லை. ஆனாலும் விருந்தாளிகளுக்கு முன்னால் நீலத்தை நறுக்காதீர்கள்.

தாள்களைப் பிரித்தபோது மல்கோவா நண்பர் மல்கோவாவை நான்காம் இடத்தில் போட்டிருந்தார். இமாம் பசந்துக்காரர் பங்கனப்பள்ளியை இமாம் பசந்து என்று அடித்துச் சொல்லியிருந்தார். பிரியாணி கேட்டவர்தான் ஆறில் ஐந்தைச் சரியாகச் சொன்னார். என் தாளை நான் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதை மகள் பார்த்துவிட்டாள். நான்காம் எண்ணுக்கு நேரே, 'பங்கனப்பள்ளியாக இருக்கலாம், சுமார்' என்று எழுதியிருந்தேன். அது நைனாவின் மரத்து நீலம். பிள்ளைப் பருவம் முழுவதும் அந்த மரத்தடியில் கிடந்தவனுக்கு, சிறிய உருவமும் கூர் மூக்கும் கண்ணில் படாதபோது அடையாளம் தெரியவில்லை. வெளிச்சம் போதவில்லை, ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள் என்று அன்று பலவற்றைச் சொன்னேன். நைனாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

இனி வரக்கூடிய கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை உள்ளவர்களை ஏன் அழைத்தீர்கள் என்பார்கள். எங்களில் இருவருக்கு உண்டு. அவர்கள் ஒவ்வொரு வகையிலும் அரைத் துண்டு எடுத்துக்கொண்டு, இரவில் சோற்றை விட்டுவிட்டார்கள். அது அவர்களும் அவர்களுடைய மருத்துவரும் முடிவு செய்ய வேண்டியது, நான் வழி சொல்லவில்லை. மா, முந்திரிக் குடும்பத்தைச் சேர்ந்தது; தோலும் பாலும் பட்டால் உதடு தடிக்கிறவர்கள் உண்டு. அதை அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள். மாடியில் நடத்துவதானால் மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள், எறும்பு உங்களுக்கு முன்பே வந்துவிடும். நறுக்கியதை உடனே கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் எந்த ஊர் என்று எழுதவில்லை. வேலூர், குடியாத்தம் பக்கமாக இருந்தால் ஆனி முதல் வாரத்துக்குள் நடத்திவிடுங்கள். அதற்குப் பிறகு மண்டியில் பெரும்பாலும் நீலம்தான் இருக்கும். ஆறு கிண்ணத்திலும் அதையே வைத்தால் நான்கூடக் கண்டுபிடித்துவிடுவேன் என்று நினைக்கிறேன்.