மலச்சிக்கல் என்றால் நடுக்குவாதமா?

கேள்வி: தக்கலை பக்கம் இருக்கிறோம். அப்பாவுக்கு 68 வயது, ரப்பர் பால் வெட்டியவர். இரண்டு வருடமாக மலச்சிக்கல், வயிற்று உப்புசம். கேஸ் மாத்திரை சாப்பிடுகிறார். இது பார்கின்சன் எனும் நடுக்குவாத நோயின் முதல் அறிகுறி என்று படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. திருவனந்தபுரத்தில் தலை ஸ்கேன் எடுக்க ஏற்பாடு செய்வதாக ஒருவர் சொல்கிறார். போகலாமா?

பதில்: அவசரப்பட்டுப் போக வேண்டாம்.

நீங்கள் படித்தது பொய்யில்லை. குடலுக்கும் தனியாக நரம்பு வலை உண்டு. நோய் அதைத் தொட்டால், கை நடுங்கத் தொடங்குவதற்குப் பத்து வருடம் முன்பே மலம் இறுகலாம். ஆனால் மலச்சிக்கல் உள்ள முதியவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நோய் வருவதில்லை. தைராய்டு குறைவு, சர்க்கரை, கால்சியம் மாத்திரை, தண்ணீர் குடிக்காதது என்று காரணங்கள் நிறைய.

வீட்டிலேயே கவனியுங்கள். கருவாடு பொரிக்கிற வாசனை அப்பாவுக்குத் தெரிகிறதா? தூக்கத்தில் கத்தி, கை கால் வீசுகிறாரா? நடக்கும்போது ஒரு கை வீசாமல் நிற்கிறதா? கையெழுத்து சிறுத்துவிட்டதா? இவற்றில் ஒன்றிரண்டு இருந்தால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். இந்த நோயை மருத்துவர் நடக்கவைத்து, கையை மடக்கிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறார். சாதாரண எம்ஆர்ஐ பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். வேறு நோய் இல்லை என்று உறுதிசெய்யத்தான் அதை எடுப்பது. மருத்துவர் எழுதித் தராத ஸ்கேனுக்கு ஆள் பிடிக்கிறவருக்குக் கமிஷன்தான் குறி. தயவுசெய்து அவரை அனுப்பிவிடுங்கள்.

அதைவிட எனக்குக் கவலை தருவது அப்பாவின் கேஸ் மாத்திரை. அட்டையைத் திருப்பிப் பாருங்கள். லெவோசல்பிரைடு அல்லது மெட்டோகுளோபிரமைடு என்று இருக்கிறதா? அசைவை நடத்தும் டோபமைன் என்ற ரசாயனத்தை இவை மூளையில் தடுக்கின்றன. மாதக்கணக்கில் விழுங்கினால் நடுக்கம், விறைப்பு, மெதுநடை எல்லாம் வரலாம், அச்சு அசலாகப் பார்கின்சன் மாதிரியே. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில், சில மாதங்களில் குறையும். அது தெரியாமல் நடுக்கத்துக்கு இன்னொரு மாத்திரை சேர்ப்பார்கள்! ஐந்து நாளுக்கு எழுதிய சீட்டைக் காட்டி ஐந்து வருடம் வாங்க முடிகிறது. மருந்துக்கடையில் யாரும் கேட்பதில்லை. புறநோயாளி பிரிவுகளில் பழைய மருந்தைப் பார்க்க நேரமும் இல்லை. எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய் மேசையில் கொட்டுங்கள்.

அப்புறம், மலத்தில் ரத்தம் இருந்தாலோ எடை குறைந்தாலோ நரம்பை விடுங்கள். முதலில் பெருங்குடலைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள், இந்த வாரமே.