நள்ளிரவில் வீடு வரை கொண்டு சேர்ப்பது யார் பொறுப்பு?

கேள்வி: தாராவியில் பிறந்து வளர்ந்த என் தங்கை, கணவர் கைவிட்ட பிறகு இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்காக ஓர் ஆர்கெஸ்ட்ரா பாரில் (பாட்டுக் கச்சேரி நடக்கும் மதுக்கூடம்) நடனமாடி வருகிறாள். போன வாரம் வாடிக்கையாளர் ஒருவர் மேடையருகே கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். முதலாளியிடம் சொன்னால், "இந்தத் தொழிலில் இதெல்லாம் சகஜம்" என்கிறாராம். வேலை முடிந்து நள்ளிரவில் தனியாக ஆட்டோ பிடித்துத்தான் வீடு திரும்புகிறாள். போலீஸுக்குப் போனால் அவள் மீதே வழக்கைத் திருப்பிவிடுவார்களோ என்று அஞ்சுகிறோம். சட்டத்தில் அவளுக்கு ஏதாவது பாதுகாப்பு உண்டா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மும்பை

பதில்: உண்டு, முதலாளி சொல்லாமல் மறைக்கும் அளவுக்கு நிறையவே உண்டு. பார்களில் நடனத்தை ஒழுங்குபடுத்த மகாராஷ்டிர அரசு 2016ஆம் ஆண்டு கொண்டுவந்த சட்டம், அங்கே பணிபுரியும் பெண்ணைத் தொடுவதையும் அவளிடம் முறைகேடாக நடந்துகொள்வதையும் வெளிப்படையாகத் தடை செய்கிறது. இது தவிர, ஒரு பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிக்கும் நோக்கத்துடன் பலப்பிரயோகம் செய்தால் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 74ஆம் பிரிவின்படி ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். அந்தப் பெண் என்ன வேலை செய்கிறாள், எந்த நேரத்தில் செய்கிறாள் என்ற விதிவிலக்கு எதுவும் அந்தப் பிரிவில் இல்லை. பாருக்கு நடன உரிமம் இல்லை என்றாலும் உங்கள் தங்கையின் புகார் செல்லும். உரிமம் வாங்க வேண்டிய கடமை நடத்துகிறவருடையதே தவிர ஆடுகிறவருடையது அல்ல.

எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எல்லை எங்களுடையது அல்ல என்று திருப்பி அனுப்ப முடியாது. இத்தகைய புகாரைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும். வழக்கு வேண்டாம் என்று அவள் தயங்கினால், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் (2013) இருக்கிறது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடமாக இருந்தால் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும்; இல்லாவிட்டால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம், சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள், எழுத்து மூலம் புகார் தரலாம். பணியிடத்துக்கு வந்துபோகும் வெளியாட்களிடமிருந்தும் பெண்களைக் காப்பது முதலாளியின் கடமை என்று அதே சட்டம் சொல்வதால், வாடிக்கையாளர் செய்ததற்கு நான் என்ன செய்ய முடியும் என்று அவர் கையை விரிக்க முடியாது.

இனி அந்த ஆட்டோ. மகாராஷ்டிரக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின்படி (2017), இரவு 9.30 மணிக்குப் பிறகு ஒரு பெண்ணை அவளுடைய சம்மதத்தோடுதான் வேலை வாங்கலாம். அப்படி வாங்கினால் அவளை வீட்டு வாசல் வரை கொண்டு சேர்க்கும் வாகன வசதியையும் முதலாளியே செய்து தர வேண்டும். முன்பு பத்துப் பேர் என்றிருந்த வரம்பு 2025இல் திருத்தப்பட்டு, இப்போது இருபது பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு இது பொருந்தும். பாடகி, நடனமணி, பரிமாறும் பெண்கள், சமையல்காரர், பவுன்சர் என்று எண்ணிப் பார்த்தால் பல பார்கள் இதற்குள் வந்துவிடும். உங்கள் தங்கை தனியாகக் கேட்பதைவிட, அங்கே ஆடும் பெண்கள் அனைவரும் கையெழுத்திட்டு ஒரே கடிதமாகக் கொடுத்து, அதன் நகலைக் கைவசம் வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: ரெய்டு வருகிறது என்று தெரிந்தால் மேக்கப் அறைக்குப் பின்னால் உள்ள சின்ன அறைக்குள் எங்களைத் தள்ளிப் பூட்டிவிடுகிறார்கள். மறுத்தால் வேலை போய்விடும். என்ன செய்வது?
- ஒரு வாசகி, நவி மும்பை

பதில்: 2021 டிசம்பரில் அந்தேரியில் ஒரு பாரைச் சோதனையிட்ட காவல்துறையினர், மேக்கப் அறைச் சுவரில் பதித்திருந்த கண்ணாடியை உடைத்தபோது, அதற்குப் பின்னால் இருந்த ரகசிய இடத்தில் 17 பெண்கள் அடைக்கப்பட்டிருந்தார்கள். செய்திகளில் அது ஒரு வேடிக்கை போல வெளிவந்தது. எனக்கு நினைவுக்கு வந்தது வேறு: 2017 டிசம்பர் 29 அன்று மும்பை கமலா மில்ஸ் வளாகத்தில் மொட்டைமாடி உணவகம் ஒன்றில் தீப்பிடித்தபோது 14 பேர் உயிரிழந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் தப்ப வழி தெரியாமல் கழிப்பறைக்குள் புகுந்து மூச்சுத்திணறி இறந்தவர்கள். திறந்திருந்த கழிப்பறையிலேயே அந்தக் கதி என்றால், வெளியிலிருந்து பூட்டப்பட்ட, ஜன்னலில்லாத அறையில் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ரெய்டைவிட அந்த அறைதான் உங்களுக்கு ஆபத்து. ஒருவரை வெளியேற முடியாதபடி அடைத்து வைப்பதும் தண்டனைக்குரிய குற்றமே.

போலீஸைக் கண்டு நீங்கள் ஒளிய வேண்டிய அவசியமும் குறைவு. சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் ஒரு பெண்ணைக் கைது செய்யக் கூடாது என்பது பொதுவிதி. தவிர்க்க முடியாத சூழலில், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற்றுப் பெண் அதிகாரியே கைது செய்ய வேண்டும். பெயரும் முகவரியும் கேட்டால் சொல்லுங்கள். படிக்காமலோ, புரியாமலோ எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: இவ்வளவு ஆபத்து என்றால் இந்த பார்களை ஒரேயடியாக மூடிவிடுவதுதானே நல்லது?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: மூடிப் பார்த்தார்கள். 2005 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தில் நடன பார்கள் தடை செய்யப்பட்டன; நட்சத்திர ஓட்டல்களுக்கு மட்டும் விலக்கு. சுமார் 75,000 பெண்கள் பிழைப்பை இழந்ததாக நீதிமன்றத்தில் கூறப்பட்டது. 2006இல் மும்பை உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதி செய்து, நோயைவிட மருந்து மோசமாகிவிட்டது என்ற பொருள்படக் கண்டித்தது. தடைக்காலத்தில் நடனம் ஒழியவில்லை. பூட்டிய கதவுக்குப் பின்னால் போயிற்று. அங்கே ஒப்பந்தமும் கிடையாது, புகாரும் கிடையாது.

மேலே சொன்ன 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளைப் பற்றி 2019 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இதைக் கவனமாகவே அணுகியது. பெண்கள் ஆடும் இடத்தில் கேமரா கட்டாயம் என்ற விதியை அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்று நீக்கியது. பணத்தை வாரி இறைக்கக் கூடாது, ஆனால் டிப்ஸாகக் கொடுக்கலாம் என்றது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும் என்பதை ஏற்றது. கேமராவைப் பற்றி என் கருத்து சற்று வேறு: மேடையை விட்டுவிட்டு, பின்வாசலிலும் வாகனம் நிற்கும் இடத்திலும் அதை வைத்தால் பெண்களே வரவேற்பார்கள்.

கேள்வி: வாடிக்கையாளர் ஒருவர் பைக்கில் வீடு வரை பின்தொடர்கிறார்; எப்படியோ என் எண்ணை வாங்கி நள்ளிரவில் அழைக்கிறார். நம்பரை மாற்றிவிட்டால் போதுமா?
- ஒரு வாசகி, பன்வேல்

பதில்: மாற்றாதீர்கள், அந்த அழைப்புகளும் குறுஞ்செய்திகளும்தான் உங்கள் சாட்சி. வேண்டாம் என்று ஒரே ஒரு முறை தெளிவாக எழுதி அனுப்பிவிட்டு, பிறகு பதில் சொல்லாமல் எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள். விருப்பமின்மையைத் தெரிவித்த பிறகும் பின்தொடர்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு மூன்றாண்டு வரை, மீண்டும் செய்தால் ஐந்தாண்டு வரை சிறை. பைக்கின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் பின்னால் வருவது தெரிந்தால் வீட்டுக்குப் போகாமல், ஆள் நடமாட்டமுள்ள இடத்திலோ காவல் நிலைய வாசலிலோ இறங்கி அவசர உதவி எண்ணான 112ஐ அழையுங்கள். உங்கள் எண்ணை அவருக்குக் கொடுத்தது பாரில் வேலை செய்யும் ஒருவராகவே இருக்கக்கூடும். புகாரில் அந்தச் சந்தேகத்தையும் எழுதுங்கள்.