மேடிசனில் குளிரை விடுங்கள், வீட்டைப் பாருங்கள்

தம்பி, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது, நியூ ஜெர்சியிலும் ஒன்று கையில் இருக்கிறது, அது இருக்கும் மேடிசன் சின்ன ஊராமே, குளிர் தாங்குமா, கார் இல்லாமல் முடியுமா, நம் ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். நானும் படிக்க வந்து, வேலை கிடைத்து இங்கேயே தங்கிவிட்டவன்தான். அதனால் பேச்சில் கொஞ்சம் ஊர்ப்பாசம் இருக்கும், கழித்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் குளிரைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஜனவரி இரவுகளில் மைனஸ் 10, 12 டிகிரி சாதாரணம். சில நாள் மைனஸ் 20க்குக் கீழேயும் இறங்கும். 2019 ஜனவரிக் கடைசியில் பல்கலைக்கழகம் வகுப்புகளையே ரத்து செய்தது. ஆனால் வகுப்பறை, நூலகம், பஸ் எல்லாம் கதகதப்பாக இருக்கும். வெளியே நிற்பது என்னவோ பத்துப் பதினைந்து நிமிடம்தான். சென்னையில் கோட் வாங்கி வராதீர்கள், அது ஊட்டிக்குத்தான் சரி. இங்கே செயின்ட் வின்சென்ட் டி பால் கடைகளில் நல்ல பழைய கோட் மலிவாகக் கிடைக்கும். பூட்ஸ் மட்டும் புதிதாக, தண்ணீர் புகாததாக வாங்குங்கள். உண்மையில் ஆளை அசத்துவது இருட்டுதான். டிசம்பரில் நாலரைக்குள் சூரியன் போய்விடும். அந்த நேரத்தில் அறைக்குள் முடங்கினால் மனசு கனத்துவிடும். நூலகத்திலோ ஜிம்மிலோ நாலு பேர் நடுவில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

நீங்கள் கேட்காத விஷயம் வீடு. இந்த ஊரில் மாணவர் வாழ்க்கை நன்றாக இருப்பதும் நாறிப்போவதும் அதில்தான் இருக்கிறது.

வளாகத்தைச் சுற்றி இருக்கும் வீடுகளுக்கு லீஸ், அதாவது மாத வாடகை ஒப்பந்தம், பெரும்பாலும் ஆகஸ்ட் 15ஆம் தேதி தொடங்கி, அடுத்த வருடம் ஆகஸ்ட் 14 வரை ஓடும். அதற்கான தேடல் முந்தைய வருடக் கடைசியிலேயே ஆரம்பித்துவிடும். உங்களுக்கு அட்மிஷன் வரும்போது நல்லவற்றை எல்லாம் பிடித்திருப்பார்கள். பதறி, படத்தைப் பார்த்து மட்டும் பணம் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே இங்கே இருக்கும் மாணவர் யாரையாவது போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது வாடகைக்கு இருப்பவர் ஒருவர் தன் இடத்தைக் கொஞ்ச நாளுக்கு விடும் சப்லெட்டில் முதலில் இறங்கி, நேரில் பார்த்து முடிவு செய்யுங்கள். பல்கலைக்கழகத்தின் ஈகிள் ஹைட்ஸ் குடியிருப்புக்கு இன்றைக்கே விண்ணப்பம் போட்டு வையுங்கள். முதுகலை மாணவர்களும் குடும்பங்களும் இருக்கும் இடம், அங்கிருந்து வளாகத்துக்கு 80ஆம் எண் பஸ் இலவசம்.

கையெழுத்துக்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். லீஸ் கூட்டாகவா, தனித்தனியாகவா? கூட்டு லீஸ் என்றால் ரூம்மேட் ஒருவர் பாதியில் ஓடிவிட்டால் அவர் பங்கு வாடகையும் உங்கள் தலையில் விழும். வீட்டைச் சூடாக்கும் ஹீட்டிங் செலவு வாடகையில் சேர்த்தியா? பழைய மர வீடுகளில் அதற்கான கேஸ் பில் வாடகைக்கு மேலே ஒரு வாடகை. இங்கே மின்சாரமும் கேஸும் தரும் எம்ஜிஇ நிறுவனத்தின் தளத்தில் முகவரியைப் போட்டால் அந்த வீட்டுக்குச் சராசரியாக எவ்வளவு வருகிறது என்று காட்டும், அதைப் பார்த்துவிடுங்கள். கோடையில் இன்டர்ன்ஷிப்புக்கு வெளியூர் போனால் வீட்டை இன்னொருவருக்கு விடலாமா? பன்னிரண்டு மாத லீஸ், நீங்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாடகை ஓடும். கோடையில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆள் தேடுவதால் பாதி விலைக்குத்தான் போகும். வீட்டுக்குள் நுழைந்ததும் சுவர்க் கீறல் முதல் ஒழுகும் குழாய் வரை படம் எடுத்து, ஏழு நாளுக்குள் எழுதிக் கொடுத்துவிடுங்கள். காலி செய்த 21 நாளில் டெபாசிட்டை, அல்லது பிடித்ததற்கான கணக்கை, வீட்டுக்காரர் அனுப்ப வேண்டும் என்பது விஸ்கான்சின் சட்டம்.

ஆகஸ்ட் 14 இரவு ஒரு வேடிக்கை. பழைய லீஸ் முடிந்து புதியது அடுத்த நாள் தொடங்குவதால், ஒரு இரவு பாதி மாணவர்கள் வீடற்றவர்கள். வாடகை லாரியிலேயே தூங்குபவர்கள் உண்டு. தெருவோரம் எல்லாம் சோபா, மேசை, விளக்கு என்று குவிந்து கிடக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஹிப்பி கிறிஸ்துமஸ் என்று இதற்குப் பெயரே இருக்கிறது. கூச்சப்படாதீர்கள், எல்லோரும்தான் எடுப்பார்கள். மெத்தையை மட்டும் தொடாதீர்கள், மூட்டைப்பூச்சி.

கார் முதல் வருடம் வேண்டாம். மாணவர்களுக்கு நகர பஸ் பாஸ் கிடைக்கும், சைக்கிள் பாதைகளில் கூடப் பனியை வாருவார்கள். நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை தெருவில் கார் நிறுத்துவதற்கு ஒற்றைப்படைத் தேதியில் ஒரு பக்கம், இரட்டைப்படையில் மறுபக்கம் என்று இரவு விதி வேறு உண்டு, மறந்தால் அபராதம். சிகாகோ ஓஹேர் விமான நிலையத்துக்கு நேரடி பஸ் ஓடுகிறது. ரயில்தான் இல்லை.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். அரிசி, பருப்புக்கு மேற்குப் பக்கம் இந்தியக் கடைகள் உண்டு. ஆனால் நான் சொல்வது ஏப்ரல் முதல் நவம்பர் வரை சனிக்கிழமை காலையில் மாநில சட்டமன்றக் கட்டிடத்தைச் சுற்றிப் போடும் உழவர் சந்தை. லாவோஸ் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய ஹ்மோங் விவசாயிகள் பச்சை மிளகாய், கொத்தமல்லி, காராமணி எல்லாம் கொண்டுவருவார்கள். கூட்டம் முழுக்க இடப்பக்கமாகவே சுற்றும். நாம் பழக்க தோஷத்தில் வலம் வந்தால் எதிரே வருபவர்கள் மேலெல்லாம் இடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

நம் ஆட்கள் இருக்கிறோம், பொங்கல் வைக்கிறோம். ஆனால் நியூ ஜெர்சியின் எடிசன் ஊர் மாதிரித் தெரு முழுக்கத் தமிழ் கேட்காது. பெரிய கோயில் என்றால் மில்வாக்கி பக்கம் பெவாக்கீ, அல்லது சிகாகோ பக்கம் அரோரா பாலாஜி. போர் அடிக்குமா என்றால், இரவு பத்து மணிக்கு மேல் வெளியே சுற்ற வேண்டும் என்பவருக்கு அடிக்கும். எனக்கு, பிப்ரவரியில் உறைந்த மெண்டோட்டா ஏரி மேல் நடக்கிற வசதி போதும்.

கடைசியாகப் பணம். ஆராய்ச்சி அல்லது கற்பித்தல் உதவியாளர் வேலை, முழுநேரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கிடைத்தாலே இங்கே படிப்புக் கட்டணம் தள்ளுபடி ஆகிவிடும். ஆனால் மாணவர் சொந்தப் பணம் கட்டியே படிக்க வேண்டிய சில முதுகலைப் படிப்புகளில் அந்த மாதிரி வேலையை ஏற்கவே அனுமதிக்க மாட்டார்கள். உங்களுக்கு வந்திருப்பது அந்த வகையா என்று துறைக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். பதில் வந்த பிறகு நியூ ஜெர்சிக் கணக்கோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்கு முன்னால் எங்கேயும் முன்பணம் கட்ட வேண்டாம்.