பாட்டில் நீட்டும் கை

அன்புள்ள ஐயா,

கிராஸ் கன்ட்ரி மலைச் சைக்கிள் பந்தயங்களில் இது எனக்கு மூன்றாவது சீசன். ஒன்பது பந்தயம் ஓட்டினேன், நான்கில்தான் கடைசிச் சுற்று வரை போக முடிந்தது. மற்ற ஐந்திலும் 80 சதவீத விதியில் பாதியிலேயே இறக்கிவிட்டார்கள். முடிவுப் பட்டியலில் என் பெயருக்கு எதிரே ‘இரண்டு சுற்று குறைவு’ என்று இருப்பதைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. வாரம் 12 மணி நேரம் பயிற்சி செய்கிறேன், மிதிக்கும் வலுவை அளக்கும் பவர் மீட்டரின் எண்கள் போன வருடத்தைவிட நன்றாகவே இருக்கின்றன. நான் ஓட்டுவது ஹார்ட்டெயில், பின்சக்கரத்துக்கு சஸ்பென்ஷன் கிடையாது. ஃபுல் சஸ்பென்ஷனுக்கு மாறினால் அடுத்த சீசன் தேறுமா? நடுவில் மணிக்கட்டில் அடிபட்டு மூன்று வாரம் போயிற்று. பாட்டில் பிரச்சினை வேறு. அப்பாதான் ஃபீட் சோனில், அதாவது தடத்தோரம் பாட்டில் தர ஒதுக்கிய இடத்தில், நின்று தருவார். அவருக்கு விளையாட்டுப் பழக்கம் கிடையாது, தோள் வலியும் உண்டு. முக்கியமான இரண்டு பந்தயத்தில் பாட்டிலைக் கீழே விட்டுவிட்டார், ஒரு தடவை எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். கடைசி மூன்று பந்தயத்துக்கு அவர் வரவில்லை, ஃப்ரேமில் ஒரே ஒரு பாட்டிலோடு சமாளித்தேன். இன்னொரு சீசன் ஓட்டுவதில் அர்த்தம் இருக்கிறதா என்றும் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் இரண்டு செய்திகள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. எல்லார் முன்னாலும் கத்தினீர்கள். அப்புறம் அவர் வரவில்லை. நடுவில் ஒரு ‘அதனால்’ போட உங்களுக்குத் தோன்றவே இல்லையே, அதுதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது.

முதலில் நீங்கள் கேட்டதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஃபுல் சஸ்பென்ஷன் நல்லதுதான். வேரும் கல்லும் நிறைந்த தடத்தில் பின்சக்கரம் துள்ளாமல் தரையோடு ஒட்டும், ஏற்றத்தில் உட்கார்ந்தபடியே மிதிக்கலாம், எடை கொஞ்சம் கூடும். கையில் வசதி இருந்தால் மாறுங்கள், இல்லையென்றால் இருப்பதையே ஓட்டுங்கள், உங்கள் சீசன் போனது வண்டியால் இல்லை. மணிக்கட்டு ஆறிவிட்டதல்லவா, விடுங்கள். பவர் மீட்டர் எண்களைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

பாதியில் இறக்கப்படுவதற்குக் கூச்சப்பட்டிருக்கிறீர்கள், அது தேவையே இல்லை. முதலில் போகிறவர் முதல் சுற்றை 12 நிமிடத்தில் முடித்தால், அதில் 80 சதவீதம் 9 நிமிடம் 36 நொடி. அவருக்கு அத்தனை நேரம் பின்தங்கினால் நடுவர் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். ஒற்றையடித் தடத்தில் முன்னணியில் வருகிறவர்கள் ஒரு சுற்று பின்தங்கியவர்களிடம் சிக்கிக்கொள்ளக் கூடாது, அதற்காகப் போட்ட விதி. தொடக்கக் கோட்டில் தரவரிசைப்படிதான் ஆட்களை நிற்க வைக்கிறார்கள், கடைசி வரிசையில் நிற்பவர் முதல் குறுகலில் நுழையக் காத்திருக்கும்போதே முன்னால் இருப்பவர்கள் மேடேறிப் போயிருப்பார்கள். அந்த இடைவெளியோடு தொடங்கி நான்கு பந்தயத்தை முழுசாக முடித்திருக்கிறீர்கள், அதற்காகச் சந்தோஷப்படுங்கள்.

இனி அப்பா விஷயம்.

மலைச் சைக்கிள் வீரர் நீனோ ஷுர்ட்டர் 2025 செப்டம்பரில் சொந்த நாடான சுவிட்சர்லாந்தில், லென்சர்ஹைடேயில் கடைசி உலகக் கோப்பைப் பந்தயத்தை ஓட்டி விடைபெற்றதிலிருந்து நான் பழைய பந்தயங்களை மறுபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன். 10 உலக சாம்பியன் பட்டம், 2008-இல் வெண்கலம், 2012-இல் வெள்ளி, 2016-இல் தங்கம் என்று மூன்று ஒலிம்பிக் பதக்கம், அந்த மனிதரைப் பார்க்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கண் ஃபீட் சோனுக்கே போகிறது. கேமரா அங்கே இரண்டு நொடிதான் நிற்கும். வரிசையாக நீட்டிய கைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டில், யார் முகமும் தெரியாது. 2012 லண்டனில் ஷுர்ட்டர் தங்கத்தைத் தவறவிட்டது ஒரே நொடியில். ஒன்றரை மணி நேரம் ஓடிய பந்தயம், கடைசியில் தங்கம் வாங்கிய செக் வீரர் குல்ஹாவிக்கும் அவருக்கும் நடுவே ஒரு நொடி. அந்தப் பந்தயத்தில் யாராவது பாட்டில் நீட்டும்போது கை கொஞ்சம் தாழ்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டன் வீரர் டாம் பிட்காக்குக்கு முன்சக்கரத்தில் காற்று இறங்கியது. தொடங்கிய வண்டியிலேயே முடிக்க வேண்டும் என்பது விதி, சக்கரம் போன்ற பாகங்களை அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் மாற்றலாம். மாற்றிக்கொண்டு வெளியே வரும்போது கிட்டத்தட்ட 40 நொடி பின்தங்கியிருந்தார், கடைசிச் சுற்றில் பிரான்ஸின் விக்டர் கொரெட்ஸ்கியைத் தாண்டித் தங்கம் வாங்கினார். எல்லாரும் அந்தக் கடைசிச் சுற்றைத்தான் பேசுகிறார்கள். நான் சக்கரத்தைக் கழற்றி மாட்டிய கைகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

காரணம் என் அக்கா.

நான் ஓட்டிய காலத்தில் அவள்தான் எனக்குப் பாட்டில் கொடுத்தாள். சைக்கிளைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நான் எந்தச் சுற்றில் குடிக்கிறேன், எதில் வேண்டாமென்று தலையாட்டுகிறேன் என்று இரண்டாவது பந்தயத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். சுற்று நேரங்களைப் பேனாவால் புறங்கையில் எழுதி வைப்பாள், நான் வரும்போது கையைத் திருப்பிக் காட்டுவாள். ஒரு பந்தயத்துக்கு ஆறு ஏழு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நொடி, மொத்தமாக நான் அவளைப் பார்ப்பது அவ்வளவுதான். மிச்ச ஒன்றரை மணி நேரமும் அவள் அங்கேயே நிற்பாள்.

ஒருநாள் மழை. சேற்றில் கையுறை வழுக்குகிறது, கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாவது சுற்றில் அவள் நீட்டிய பாட்டில் என் விரலில் பட்டுக் கீழே விழுந்தது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இங்கே எழுத மாட்டேன். ஆறாவது சுற்றில் அவள் அதே இடத்தில் அதே மாதிரி நின்றாள், நான் வாங்காமல் போனேன், வேண்டுமென்றே. அன்று இரவு அவள் கையில் கட்டியிருந்த கைக்குட்டையை அவிழ்த்தபோதுதான் பார்த்தேன். வலது ஆள்காட்டி விரலில் நகம் பாதி பெயர்ந்திருந்தது. மூன்றாவது சுற்றில் நான் பாட்டிலைப் பிடுங்கிய பிடுங்கலில் போயிருக்கிறது. நான்காவது சுற்றிலிருந்து இடது கையால் கொடுத்திருக்கிறாள், பழக்கமில்லாத கை, அதனால்தான் விழுந்தது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, சின்ன வயது, வாய் வரவில்லை. அடுத்த பந்தயத்துக்குப் போன இடத்தில் அதிகாலையில் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தால், அவள் தன் மகனைச் சைக்கிளில் திரும்பத் திரும்ப வரச் சொல்லிப் பாட்டில் நீட்டிக்கொண்டிருக்கிறாள், இடது கையால், கட்டு இன்னும் பிரிக்கவில்லை.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், பாட்டில் விழுவதைக் கொடுப்பவர் தவறு என்று உடனே முடிவு கட்டுகிறீர்கள். கணக்குப் பாருங்கள். 20 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்கு ஐந்தரை மீட்டர். அசையாமல் நிற்கும் அரை கிலோ பாட்டிலை அந்த வேகத்துக்கு ஒரே இழுப்பில் கொண்டுபோகிறீர்கள். கொடுப்பவர் கூடவே ஓடி வரவும் விதி இடம் தராது, தூக்கிப் போடவும் கூடாது, கையில்தான் தர வேண்டும். அப்படியென்றால் அந்த அதிர்ச்சியைத் தாங்க வேண்டியது யார்? வாங்குகிறவர்தான். பத்து மீட்டர் முன்னாலேயே கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்திருக்க வேண்டும், கண் பாட்டில் மேல் இருக்க வேண்டும், பெடல் மிதிப்பதைக் கொஞ்சம் நிறுத்த வேண்டும், விரலை விரித்து அணைத்தாற்போல் வாங்கி, வாங்கிய கையைப் பின்னால் போக விட வேண்டும். மணிக்கட்டை விறைப்பாக வைத்துத் தட்டினால் யார் கொடுத்தாலும் விழும். அடிபட்ட மணிக்கட்டோடு, முன்னால் போகிறவனின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்து, கடைசி நொடியில் கையை வீசியிருப்பீர்கள். நீங்கள் எழுதவில்லை, ஆனால் நானும் அப்படித்தான் செய்தேன், அதனால் தெரியும்.

முழுப் பாட்டில் எதற்கு, அதையும் கேட்கிறேன். நிரம்பிய பாட்டிலைத் தோள் வலி உள்ளவர் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், நீங்கள் எப்போது வருவீர்கள் என்று தெரியாமல். பாதி ஊற்றினால் போதும், ஒரு மூச்சில் குடித்துவிட்டுப் போடுகிற இடத்தில் போட்டுவிடப் போகிறீர்கள். வெளிப்புறத்தைத் துணியால் துடைத்து வைக்கச் சொல்லுங்கள். அடிப்பாகத்தை விரல் நுனியில் லேசாகப் பிடித்தால் நடுப்பகுதி முழுக்க உங்களுக்குக் கிடைக்கும். இதெல்லாம் அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? வாரம் 12 மணி நேரம் காலுக்குப் பயிற்சி கொடுத்தீர்களே, அவரோடு நின்று பாட்டில் வாங்கிப் பழக ஒரு அரை மணி நேரம் ஒதுக்கினீர்களா? பழக்காமல் ஒரு மனிதரைக் கூட்டத்தின் நடுவே நிறுத்தி, தவறியதும் கத்தியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது தம்பி. உங்கள் மேல் மட்டும் இல்லை.

இப்போது அவர் வராத மூன்று பந்தயத்தை எடுத்துப் பாருங்கள். அந்த மூன்றிலும் இறக்கிவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன், எந்தச் சுற்றில் என்று பாருங்கள். கடுமையாக ஓட்டினால் உடம்பில் சேர்த்து வைத்த சர்க்கரை சுமார் 90 நிமிடத்துக்குத்தான் வரும். உங்கள் பந்தயமும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக வேண்டும், வயிறு பழகியவர்கள் 90 வரை போவார்கள். ஒற்றையடித் தடத்தில் ஒரு கையை எடுத்து ஃப்ரேமிலிருந்து பாட்டிலை உருவ முடியாது, இறக்கத்தில் சொல்லவே வேண்டாம், அதனால் அந்த ஒரு பாட்டிலும் பாதிக்கு மேல் அப்படியே வீடு திரும்பியிருக்கும். ஃபீட் சோனைச் சமதளத்திலோ மெதுவான ஏற்றத்திலோ வைப்பதே நீங்கள் மூச்சு விட்டு இரண்டு வாய் குடிக்கத்தான். அங்கே உங்களுக்காக ஒரு ஆள் இல்லை. அப்பா இருந்திருந்தால் ஜெயித்திருப்பீர்கள் என்று சொல்ல வரவில்லை, இன்னும் ஒரு சுற்று ஓட்டியிருக்கலாம்.

அக்கா இப்போது பந்தயங்களுக்கு வருவதில்லை, நானும் ஓட்டுவதில்லை. அந்த நகம் கொஞ்சம் கோணலாகவே வளர்ந்தது. தட்டை நீட்டும்போது, பேனா கேட்கும்போது என்று அவள் கை எதிரே வருகிற ஒவ்வொரு முறையும் என் கண் முதலில் அந்த விரலுக்குத்தான் போகும். போன மாதம் ஒரு வழியாக வாயைத் திறந்து அன்றைக்குக் கத்தியதைப் பற்றிச் சொன்னேன். அவளுக்குக் கத்தியது நினைவில் இல்லையாம். “ஆறாவது சுற்றில் நீ வாங்காம போனியே, அதுதான் ஞாபகம் இருக்கு” என்றாள்.

இன்னொரு சீசனா என்று கேட்டீர்கள், அதை வரும் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பேசலாம். அன்றைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வண்டி வராத ஒரு சாய்வான பாதைக்குப் போங்கள். பாதி நிரப்பிய நான்கு பாட்டில் போதும். மெதுவாகத் தொடங்கி இருபது முறை அவரைக் கடந்து போங்கள். விழுந்ததை நீங்களே இறங்கி எடுங்கள், அவரைக் குனிய விடாதீர்கள். அப்புறம் இடம் மாறுங்கள், நீங்கள் நில்லுங்கள், அவருக்கு ஓட்டத் தெரிந்தால் அவர், இல்லையென்றால் ஒரு நண்பர் வரட்டும், கையை நீட்டிக்கொண்டு அரை மணி நேரம் நின்று பாருங்கள். மன்னிப்பை எப்போது கேட்பது என்பதை உங்களிடமே விடுகிறேன், ஆனால் சைக்கிளை எடுப்பதற்கு முன்னால் கேட்டால் நல்லது.

எந்தத் தோள் வலிக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அவரிடம் கேட்டு, வலிக்காத கைப்பக்கமாக வந்து வாங்கப் பழகுங்கள்.