சிஎஸ்50: 4-ஆம் வாரத்தில் நின்றுபோனவருக்கு

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் அறிமுக வகுப்பான சிஎஸ்50-ஐ இணையத்தில் இரண்டு முறை தொடங்கி இரண்டு முறையும் 4-ஆம் வாரத்திலேயே விட்டுவிட்டேன், தலையில் ஏறவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வாரம்தான் மெமரி (கணினியின் நினைவகம்), அதில் ஓர் இடத்தைச் சுட்டும் பாயின்டர் எல்லாம் வருகிறது. நிறைய பேர் தடுக்கி விழுகிற இடம் அது, உங்களிடம் ஒரு குறையும் இல்லை.

நானும் அங்கே மூன்று வாரம் உட்கார்ந்திருந்தேன். வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தது உதவவே இல்லை. ஒரு தாளில் மெமரியைக் கட்டம் கட்டமாக வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி எண் போட்டு, பாயின்டர் என்பது இன்னொரு கட்டத்தின் முகவரியை உள்ளே வைத்திருக்கும் கட்டம், அவ்வளவுதான் என்று பென்சிலால் அம்புக்குறி போட்ட அன்றைக்குத்தான் பிடிபட்டது. நீங்களும் இரண்டு எண்களை இடம் மாற்றும் ஃபங்ஷனை (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டை) மட்டும் இப்படி வரைந்து பாருங்கள். மதிப்பை அனுப்பினால் ஏன் மாறுவதில்லை, முகவரியை அனுப்பினால் ஏன் மாறுகிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

அப்புறம், சான்றிதழுக்குப் பணம் வேண்டுமே என்று தயங்காதீர்கள். எட்எக்ஸ் என்ற இணைய வகுப்புத் தளம் தரும் சான்றிதழுக்குத்தான் கட்டணம், பயிற்சிகளையும் இறுதி ப்ராஜெக்ட்டையும் முடித்தால் சிஎஸ்50-இன் சொந்தத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

தயவுசெய்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலேயே உட்காருங்கள். 6-ஆம் வாரம் பைத்தான் என்ற எளிமையான நிரல்மொழி வந்துவிடும், அங்கே கொஞ்சம் மூச்சு விடலாம். எந்த இடத்தில் சிக்குகிறது என்று சொல்லுங்கள், சேர்ந்து பார்ப்போம்.