பியர்ஸின் வட்டங்களுக்குள் 'அல்லது' எங்கே இருக்கிறது?

தர்க்கவியல் படிக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "பியர்ஸின் வரைபடத்தில் ஒரு வட்டம். அதற்குள் 'ம' என்ற எழுத்து, பக்கத்தில் இன்னொரு சிறிய வட்டம், அந்தச் சிறிய வட்டத்துக்குள் 'த'. 'ம உண்மையாகவும் த பொய்யாகவும் இருப்பது கிடையாது' என்று படித்தேன். விடைக்குறிப்போ 'ம என்றால் த' என்கிறது. எது சரி? 'அல்லது' என்பதற்கு இதில் குறியே இல்லையா?"

இரண்டுமே சரி. 'ம இல்லை, அல்லது த' என்று படித்தாலும் சரிதான். படம் ஒன்று, வாசிப்பு மூன்று.

அமெரிக்கத் தத்துவஞானி சார்ல்ஸ் சாண்டர்ஸ் பியர்ஸ் (1839–1914) உருவாக்கிய இந்த முறையில் இரண்டே வழக்கங்கள். தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் 'இதுவும் அதுவும்'. வட்டம் போட்டால் உள்ளே இருப்பது மொத்தத்துக்கும் மறுப்பு. 'மொத்தத்துக்கும்' என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஒரே வட்டத்துக்குள் ம, த இரண்டும் இருந்தால் 'இரண்டும் சேர்ந்து உண்மையில்லை' என்றுதான் பொருள். 'இரண்டுமே இல்லை' என்று சொல்ல வேண்டுமானால் தனித்தனி வட்டம் வேண்டும்.

வட்டங்களை அடைப்புக்குறியாக எழுதிக்கொள்வோம். உங்கள் படம் (ம (த)). ம என்பது 'மழை பெய்கிறது', த என்பது 'தரை நனைகிறது' என்று வையுங்கள். மழை பெய்தும் தரை நனையாமல் இருப்பதை இந்தப் படம் தடுக்கிறது. மழை பெய்தால் தரை நனையும் என்பதும் அதே செய்திதானே!

பியர்ஸ் வெளியிலிருந்து உள்ளே படிக்கச் சொன்னார். நீங்கள் செய்ததும் அதுதான். ஆனால் வட்டங்கள் கூடினால் 'இல்லை இல்லை' என்று நாக்கு குழறும். அப்போது எண்ணிப் படியுங்கள். 2002-இல் தர்க்கவியல் அறிஞர் சன்-ஜூ ஷின் விரிவாக எடுத்துக்காட்டிய வழி இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். ஓர் எழுத்தை எத்தனை வட்டங்கள் சூழ்ந்திருக்கின்றன? இரட்டைப்படை என்றால் (ஒன்றுமே சூழாவிட்டாலும்) அப்படியே படியுங்கள்; ஒற்றைப்படை என்றால் 'இல்லை' சேருங்கள். இரட்டைப்படைப் பகுதியில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவற்றுக்கு நடுவே 'மற்றும்', ஒற்றைப்படைப் பகுதியில் 'அல்லது'. மறுப்பு உள்ளே நுழையும்போது 'மற்றும்' 'அல்லது'வாக மாறும் என்ற டி மார்கன் விதிதான் இங்கே வேலை செய்கிறது.

இப்போது ((ம)(த)) படத்தைப் பாருங்கள். ஒவ்வோர் எழுத்தையும் இரண்டு வட்டங்கள் சூழ்ந்திருக்கின்றன, ஆகவே 'இல்லை' வராது. சிறு வட்டங்கள் இரண்டும் ஒற்றைப்படைப் பகுதியில் நிற்கின்றன. ஆக 'ம அல்லது த'. நீங்கள் தேடிய 'அல்லது' இதுதான். குறியாக இல்லை, இடமாக இருக்கிறது. (க (ச)(ட)) என்றால் 'க இல்லை, அல்லது ச, அல்லது ட'. அதாவது, க என்றால் ச அல்லது ட.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. பியர்ஸ் 1897-இல் 'தி மோனிஸ்ட்' இதழில் வெளியிட்ட முந்தைய முறையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் 'அல்லது' என்று பொருள். கையிலிருக்கும் நூல் எந்த முறையைப் பேசுகிறது என்று முதலில் பாருங்கள்.

பயிற்சி செய்யும்போது ஒற்றைப்படைப் பகுதிகளுக்குப் பென்சிலால் லேசாக நிழல் தீட்டிக்கொள்ளுங்கள். பியர்ஸே பிற்காலத்தில் அப்படிச் செய்தார். நிழலில் எதையும் புதிதாகச் சேர்க்கலாம், நிழல் இல்லாத வெளிச்சத்தில் எதையும் அழிக்கலாம் என்ற அனுமான விதிகளுக்கும் (ஒரு படத்திலிருந்து இன்னொரு படத்தைப் பெறும் விதிகள்) அதே நிழல் உதவும்.