எதிரே ஆள் வந்தால்

அன்புள்ள அக்கா,

எனக்கும் கடலூர்தான், மஞ்சக்குப்பம். வயது 36, எடை 81 கிலோ. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, எடையைக் குறைத்தால் மாத்திரை இல்லாமல் சமாளிக்கலாம் என்று டாக்டர் சொன்னார். ஒரு மாதமாகக் காலையில் சில்வர் பீச் ரோட்டில் ஓடிப் பார்க்கிறேன். இரண்டு நிமிடத்தில் நெஞ்சு வெடித்துவிடும்போல மூச்சு வாங்குகிறது. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு ஓரமாக வலி. எதிரே யாராவது வந்தால் என்னை அறியாமல் வேகத்தைக் கூட்டிவிடுகிறேன், அவர்கள் தாண்டிப் போனதும் நின்றுவிடுகிறேன். இத்தனைக்கும் எடை ஒரு கிலோ ஏறியிருக்கிறது. தை மாதம் தங்கை கல்யாணம். அதற்குள் 12 கிலோ குறைக்க முடியுமா? வெறும் வயிற்றில் ஓடலாமா? என்ன ஷூ வாங்குவது? ஞாயிற்றுக்கிழமைகளில் பாண்டிச்சேரி போய் பீச் ரோட்டில் ஓடலாமா என்றும் ஒரு யோசனை, அங்கே தெரிந்தவர்கள் யாரும் இல்லை. எனக்கு ஓட்டம் வருமா, வராதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இவ்வளவு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். என் கண்ணில் பட்டதோ கேள்வியே இல்லாத ஒரு வரி. எதிரே ஆள் வந்தால் வேகத்தைக் கூட்டுகிறேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அது. கொஞ்ச நாளாக நானும் அதையேதான் வேறொரு காரணத்துக்காக நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு வருகிறேன்.

முதலில் கல்யாணத்தை ஒதுக்கிவிடுவோம். கல்யாணப் பெண் உங்கள் தங்கை. வருகிறவர்கள் அவளைப் பார்ப்பார்கள், அப்புறம் பந்தியைப் பார்ப்பார்கள். ஜாக்கெட்டில் உள்தையலுக்குத் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள், தீர்ந்தது.

எடைக் கணக்கு கொஞ்சம் கசப்பானது, ஆனால் யாராவது சொல்லியாக வேண்டும். ஓட்டத்தில் ஒரு கிலோமீட்டருக்கு, நம் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 1 கலோரி செலவாகிறது. நீங்கள் 5 கிலோமீட்டர் ஓடினால் 400 கலோரி. உடம்பில் சேர்ந்த ஒரு கிலோ கொழுப்பில் இருப்பது கிட்டத்தட்ட 7,700 கலோரி. அதாவது ஒரு கிலோ கரைய 95 கிலோமீட்டர் ஓட வேண்டும். கடலூரிலிருந்து சிதம்பரம் போய்த் திரும்புகிற தூரம் அது. 12 கிலோவுக்கு 12 தடவை போனால் நடராஜரே போதும் என்று சொல்லிவிடுவார். ஓடிவிட்டு வந்து நெய்ப்பொங்கல், ஒரு வடை, சர்க்கரை போட்ட காபி என்று உட்கார்ந்தால் எழுந்திருப்பதற்குள் அந்த 400 திரும்ப உள்ளே வந்துவிடும். எடை குறைவது பெரும்பாலும் தட்டில்தான். அதை டாக்டரிடமோ உணவு ஆலோசகரிடமோ பேசிக்கொள்ளுங்கள், எனக்கு அதில் ஆர்வம் இல்லை.

அப்படியானால் ஓடுவது வீணா என்று கேட்காதீர்கள். வேலை செய்கிற தசை, ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை நேராக இழுத்துக்கொள்ளும், அதற்கு இன்சுலினின் தயவு அவ்வளவாகத் தேவையில்லை. ஓடி முடித்து ஒரு நாள் வரைக்கும்கூட அந்தப் பலன் நிற்கும். எடை மெஷினில் ஒரு கிராம் குறையாவிட்டாலும் இது நடக்கும். உங்கள் டாக்டர் பயந்தது சர்க்கரையைப் பார்த்துத்தானே? ஏறிய ஒரு கிலோவும் பெரும்பாலும் தண்ணீராகத்தான் இருக்கும். புதிதாக ஓட ஆரம்பித்த தசைகள் புண்பட்டு நீர் கோத்துக்கொள்ளும். தசைகள் சேமித்து வைக்கிற சர்க்கரையும் தன் பங்குக்கு மூன்று மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். தினமும் ஏறி நிற்கிறவர்களை எனக்குத் தெரியும், காலை ஏழு மணிக்கே அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது.

இப்போது உங்கள் வரிக்கு வருகிறேன்.

நீங்கள் ஓடுகிற வழியில் செலக்‌ஷனுக்குத் தயாராகிற பையன்களும் பெண்களும் ஓடுவார்கள். அண்ணா விளையாட்டரங்கத்திலும் காலையில் அவர்கள் கூட்டம்தான். போலீஸ் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 வினாடி. அவர்களுக்கு வேலை வேண்டும், கடிகாரத்தைப் பார்த்து ஓடட்டும். உங்களை எந்த வாரியம் தாயே செலக்‌ஷனுக்குக் கூப்பிட்டது? இரண்டு நிமிடத்தில் மூச்சு வாங்கினால் உங்களுக்கு ஓட்டம் வராது என்று அர்த்தம் இல்லை. உங்கள் உடம்பால் இன்றைக்கு முடிகிற வேகத்தைவிட அதிகமாக ஓடுகிறீர்கள், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் ஓட்டம் என்றாலே பந்தயம். விசில், கோடு, முதல் மூன்று பேருக்கு சோப்பு டப்பா. கனமான பிள்ளைகளைப் பைகளுக்குக் காவலாக உட்கார வைப்பார்கள். அங்கே மெதுவாக ஓடக் கற்றுக்கொடுத்தவர் யாராவது உண்டா? நான் பார்த்ததில்லை.

மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? வீட்டுக்குப் போய் என்ன குழம்பு வைப்பது, வீட்டில் கத்திரிக்காய் மிச்சம் இருக்கிறதா என்று பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். பாதி வாக்கியத்தில் மூச்சு அறுந்தால் வேகம் அதிகம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீசி நடக்கிற பெரியவர் உங்களைத் தாண்டிப் போகலாம். போகட்டும். நம் ஊரில் வியர்வை லேசில் காயாது, அந்தப் புழுக்கத்தில் இதயம் வழக்கத்தைவிட வேகமாக அடிக்கும், மார்கழியில் சுலபமாக வந்த வேகம் சித்திரையில் வராது. இன்னும் மெதுவாகப் போங்கள். இதையே நான் நாலு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிகிறது. நாலு விதமாகச் சொன்னாலும் நாளைக் காலையில் ஒரு ஸ்கூட்டர் எதிரே வந்தால் நீங்கள் பாயத்தான் போகிறீர்கள், அதனால் இன்னொரு விதமாகவும் சொல்கிறேன்.

நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்று ஒரு பயிற்சியாளர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய சீடர்கள் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், முர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் தங்கம் வாங்கினார்கள். அதே ஆள்தான் ஆக்லாந்தில் இதய நோயாளிகளையும் தொப்பை வைத்த நடுத்தர வயதுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு, பேசிக்கொண்டே ஓடச் சொல்லிக் கொடுத்தவர். 1962இல் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மேன் அங்கே போனார். பின்னாளில் நைக்கி கம்பெனியை ஆரம்பித்த இருவரில் ஒருவர். தான் நல்ல உடற்கட்டோடு இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தவர், அந்தக் கூட்டத்தோடு ஓடிப் பார்த்தார். மற்றவர்கள் போய்விட்டார்கள், இவருக்கு மூச்சு வாங்கியது. எழுபது தாண்டிய, மாரடைப்பு வந்து பிழைத்த ஒரு பெரியவர் இவருக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டு கூடவே பேசியபடி ஓடி வந்தார். பவர்மேன் ஊருக்குத் திரும்பியதும் செய்த முதல் வேலைகளில் ஒன்று, தன் ஊர்க்காரர்களைக் கூட்டி மெதுவாக ஓடக் கற்றுக்கொடுத்தது.

சரி, நான் சொன்ன அந்த வேறொரு காரணம் என் அம்மா. போன மாதம் அம்மாவின் திதிக்காகத் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் பழைய வீட்டுக்குப் போயிருந்தேன். ஐயர் வர நேரமானதால் மாடிக்கு ஏறினேன். அப்போது ஞாபகம் வந்தது. தொண்ணூறுகளின் நடுவில் அம்மாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது, டாக்டர் நடக்கச் சொன்னார். அப்பா அதற்கு முன்பிருந்தே நண்பர்களோடு அரைக்கால் சட்டையில் தேவனாம்பட்டினம் வரை போய், அரசியல் பேசி, டீ குடித்துவிட்டு வருவார். யாரும் அவரைத் திரும்பிப் பார்த்ததில்லை. அம்மா கடற்கரைக்குப் போவது மாசிமகத்துக்கு மட்டும்தான், அதுவும் சாமி தீர்த்தவாரிக்கு வருகிறது என்பதற்காக. நடைக்கு அவள் தேர்ந்தெடுத்த இடம் மொட்டைமாடி. விடிவதற்கு முன், குழாயில் தண்ணீர் வருவதற்கு முன், புடவையை ஒரு சுற்று தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வருவாள். எதிர்வீட்டு மாடியில் விளக்கு எரிந்தால் சட்டென்று நின்று, கொடியில் துணி எடுப்பதுபோலப் பாவனை செய்வாள். கொடியில் துணியே இருக்காது. மழைக்காலத்தில் மாடித் தட்டோடு முழுவதும் பாசி பிடித்துவிடும், அம்மா நடக்கிற வட்டத்தில் மட்டும் பிடிக்காது. அங்கே காலை வைத்து நடங்கள், வழுக்காது என்று எங்களுக்குச் சொல்வாள்.

விளக்கைப் பார்த்து அம்மா நின்றாள். ஆளைப் பார்த்து நீங்கள் பாய்கிறீர்கள். ஊரின் கண் ஒன்றுதான், அது செய்கிற வேலைதான் வேறு. எனக்குக் கோபம் வருவது அந்தக் கண்ணின் மேல் இல்லை. அது அங்கேயேதான் இருக்கும். மூன்று வருஷம் கழித்து நீங்கள் நன்றாக ஓடினாலும் ‘எதுக்கு இந்தப் பொண்ணு இப்படி ஓடுது, வீட்ல ஏதும் பிரச்சனையா’ என்று கேட்கத்தான் கேட்கும். அந்தக் கண்ணுக்குப் பிடித்த மாதிரி ஓடிக் காட்டலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள் பாருங்கள், அதன் மேல்தான் கோபம். அம்மாவாவது ஒளிந்துகொண்டாள். நீங்கள் நடித்துக் காட்டி, அதற்கு முன்னெலும்பை விலையாகக் கொடுக்கிறீர்கள்.

அம்மா மாடியைச் சுற்றிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1996இல், அமெரிக்காவில் ஜோஷ் கிளார்க் என்ற இளைஞர் தன் அம்மாவை மனதில் வைத்து ஒரு ஓட்டத் திட்டம் எழுதினார். இன்றைக்கு உலகம் முழுக்கப் புதியவர்கள் பின்பற்றுவது அதுதான். வாரத்தில் மூன்று நாள், ஒன்பது வாரம். முதல் வாரத்தில் 5 நிமிடம் விறுவிறு நடை, அப்புறம் 60 வினாடி மெதுவோட்டமும் 90 வினாடி நடையுமாக மாற்றி மாற்றி 20 நிமிடம். அவ்வளவே. வாராவாரம் ஓட்டம் கூடி நடை குறைந்து, கடைசியில் நிற்காமல் அரை மணி நேரம். ஒரு வாரம் கஷ்டமாக இருந்தால் அதே வாரத்தைத் திரும்பச் செய்யலாம். ஒன்பது வாரம் பதினாறு வாரமானால் யாரும் ஹால் டிக்கெட்டைப் பிடுங்க மாட்டார்கள். இதை எழுதும்போது எனக்கு ஒரு சின்னப் பொறாமை வந்தது. எங்கள் வீட்டில் அப்போது மூன்று பிள்ளைகள் இருந்தோம். அம்மாவோடு பீச் வரை போகலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இடையில் விடச் சொல்கிற ஓய்வு நாளைத் திருடாதீர்கள். மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும், எலும்புக்கும் தசைநாருக்கும் மாதக்கணக்கில் ஆகும். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு காலில் இறங்குகிறது. தளம் போட்ட மறுநாளே அதன்மேல் சுவர் எழுப்புகிறோமா, தண்ணீர் கட்டி விடுகிறோம் இல்லையா? மூன்றாவது வாரத்தில் ‘எனக்கு நன்றாக வருகிறது’ என்று தோன்றும், அந்த நேரத்தில்தான் தினமும் ஓட ஆசை வரும். பெரும்பாலானவர்கள் காலைக் கெடுத்துக்கொள்வது அப்போதுதான். உங்கள் வலி எலும்பின் உள்ஓரமாக நீளமாகப் பரவியிருந்தால், அது குறையும்வரை நடை மட்டும். விரலால் அழுத்தினால் ஒரே இடத்தில் சுரீரென்று வலித்தாலோ, நடக்கும்போதே வலித்தாலோ எலும்பு டாக்டரைப் பாருங்கள். மூச்சு வாங்குவது வேறு, நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வருவது வேறு. அப்படி வந்திருந்தால் இந்தப் பதிலை மூடிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

பாண்டிச்சேரி பீச் ரோடு அருமையான இடம்தான். மாலையிலிருந்து மறுநாள் காலைவரை வண்டியை விட மாட்டார்கள், ஒன்றரை கிலோமீட்டர் நேர்த்தளம், காந்தி சிலை, கடல். ஆனால் தெரிந்தவர் இல்லை என்பதற்காக 20 சொச்சம் கிலோமீட்டர் பஸ்ஸில் போய் 60 வினாடி ஓடுவீர்களா? அதுவும் மொட்டைமாடிதான், கொஞ்சம் பெரியது. ஊர் சுற்றப் போனால் ஓடிவிட்டு வாருங்கள். ஆரோவில்லில் பிப்ரவரியில் நடக்கிற மராத்தானில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு எதுவும் கிடையாது. என்றைக்காவது கூட்டத்தோடு ஓட ஆசை வந்தால் அங்கே போங்கள். மற்றபடி நம் ரோடே போதும். பெரியார் கலைக் கல்லூரிப் பக்கம் தார் ரோடு சமமாக இருக்கிறது, அங்கே ஆரம்பியுங்கள். மணலில் இறங்காதீர்கள். உலர்ந்த மணல் கெண்டைக்காலைப் பிடுங்கும், ஈரமணல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், ஒரு கால் பள்ளத்திலேயே ஓடும்.

வெறும் வயிற்றில் ஓடலாம், நீங்கள் மாத்திரை எடுக்கவில்லை. அரை மணி நேர ஓட்டத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதும். மாத்திரை ஆரம்பித்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு ஓடுங்கள்.

ஷூவை மறந்தேவிட்டேன். சாயங்காலமாகப் போய் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும். கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்க வேண்டும். கடைக்குள்ளேயே போட்டுக்கொண்டு நாலு தடவை ஓடிப் பாருங்கள், கடைப்பையன் சிரித்தால் சிரிக்கட்டும். விலை கூடினால் எடை குறையும் என்று அவன் சொல்வான், நம்பாதீர்கள். கலர் உங்கள் இஷ்டம்.

அன்புடன்,
அக்கா